முகவரி முகத்திற்கே உரியது: கணினிப் பெயரிடலின் வரலாற்றில் ஒரு மொழியியல் குறிப்பு

1

இடவப்பாதி மழை வலுத்திருந்த ஒரு மாலையில், கழக்கூட்டத்தில் நான் தங்கியிருக்கும் வாடகை அறையிலிருந்து எங்கள் ஆய்வுக்குழுவின் வழங்கிக் கணினியை அழைத்தேன். மறுமொழி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தென் திருவிதாங்கூரின் கரையோர ஊர்களில் வழங்கும் தமிழை ஒலிப்பதிவு செய்து, பேசியவர்களும் அவர்தம் உறவினரும் எப்போது வேண்டுமானாலும் கேட்கும் வகையில் அந்தக் கணினியில் வைத்திருந்தோம். அதே வாரத்தில், எங்களுக்கு நெடுநேரம் பேசித் தந்த மூதாட்டி ஒருவர் காலமானார். அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மைக்க சத்தத்த ஒருக்கா கேக்கணும் பிள்ளே, தொறக்க மாட்டேங்குது" என்றார். 'அம்மைக்க' என்னும் அந்த வேற்றுமை உருபைத் தேடித்தான் நான் அவ்வூருக்கே போயிருந்தேன். அது என் காதில் விழுந்த வேளையில், பதிவைக் கொடுக்க இயலாத நிலையில் இருந்தேன்.

நான்காம் நாள் திரையும் விசைப்பலகையும் தூக்கிச் சென்று கணினிக்கு நேரே அமர்ந்தபோது தெரிந்தது: அது பழுதாகவே இல்லை. வட்டில் ஒவ்வொரு குரலும் அப்படியே இருந்தது. இடம் போதவில்லை என்று முந்தைய வாரம் புதிய சேமிப்பு அட்டை ஒன்றைச் செருகியிருந்தோம். அதனால் வலையட்டையின் பெயர் 'ஈஎன்பி3எஸ்0' என்பதிலிருந்து 'ஈஎன்பி4எஸ்0' என்று மாறிவிட்டது. எங்கள் அமைவுக் கோப்போ பழைய பெயருக்கே முகவரி எழுதி வைத்திருந்தது. அப்பெயரில் அந்தக் கணினியில் எதுவும் இல்லை. எனவே முகவரி எவருக்கும் போய்ச் சேரவில்லை.

பெயர் இருக்கிறது, பெயர்ப்பொருள் இல்லை. மொழியியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிக்கும் சிக்கல் இது. ஒரு கட்டளை வரியில் அது எனக்கு நேர்ந்தபோது, இந்தப் பெயர்களுக்கும் முகவரிகளுக்கும் பின்னால் உள்ள வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். கணினித் துறையினருக்கு இதில் பெரும்பகுதி தெரிந்ததாக இருக்கலாம். மொழியையும் ஆவணங்களையும் கையாளும் நம் போன்றோர்க்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே இப்பதிவின் நோக்கம்.

2

சொற்களிலிருந்து தொடங்குகிறேன். கழக்கூட்டத்தில் அஞ்சலகத்துக்குப் போனால் 'மேல்விலாசம்' கேட்பார்கள். தமிழிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை விலாசமே பெருவழக்கு. நகரத்தார் வணிக வழக்கில் அச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. மூதாதையர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்து அமைத்த நிறுவனக் குறியீட்டையே அவர்கள் விலாசம் என்றனர். அதைப் பார்த்தவுடன் எந்தக் குடும்பம், எந்தக் கிளை என்று அறிந்தவர் சொல்லிவிடுவர். முன்னெழுத்துகள் பலருக்கும் பொது. கடைசி எழுத்துகள் ஒரு கிளைக்கே உரியவை.

இணைய நெறிமுறை முகவரியும் இவ்வாறே அமைந்தது. 192.168.1.10/24 என்று எழுதினால், சாய்கோட்டுக்குப் பின்வரும் 24 என்பது முதல் 24 இருமங்கள் குடும்பத்தைக் குறிக்கும் என்கிறது. எஞ்சிய எட்டும் அக்குடும்பத்துக்குள் ஓர் உறுப்பினரைக் குறிக்கும். வலைமறை என்று நாம் அழைப்பது, இந்த விலாசத்தில் குலம் எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்று காட்டும் கோடுதான்.

அடுத்த சொல் 'முகவரி'. அதனோடு 'இடைமுகம்' என்பதையும் வைத்துப் பாருங்கள். வலையட்டையைக் கணினியர் இடைமுகம் என்கின்றனர். இவ்விரு சொற்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகத் தமிழில் வழக்குக்கு வந்தவை. ஆனால் இரண்டும் முகம் என்னும் ஒரே சொல்லின்மேல் நிற்கின்றன. தற்செயலாக அமைந்த இந்த ஒற்றுமை, இணையத்தின் அடிப்படை விதி ஒன்றைப் பிழையின்றிச் சொல்லிவிடுகிறது. இணைய நெறிமுறை முகவரி கணினிக்கு வழங்கப்படுவதன்று. கணினியின் இடைமுகத்துக்கு வழங்கப்படுவது. இரண்டு வலையட்டைகள் உள்ள கணினிக்குக் குறைந்தது இரண்டு முகவரிகள் வேண்டும். ஒரு முகம் மறைந்தால் அம்முகத்தின் முகவரிக்கு வரும் அழைப்பு, கணினி உயிரோடு இருந்தாலும் உள்ளே வராது. எங்கள் வழங்கிக்கு நிகழ்ந்ததும் அதுவே.

3

ஏன் அப்படி அமைத்தார்கள்? ஆர்ப்பாநெட் என்னும் முன்னோடி வலையில் ஒரு கணினியின் முகவரி என்பது, அது எந்த இணைப்புப் பொறியின் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதுதான். கம்பியை வேறு துளைக்கு மாற்றினால் முகவரியும் மாறும். இருக்கை எண்ணையே ஆளின் பெயராகக் கொண்ட ஏற்பாடு அது.

1978இல் ஜான் ஷாக் என்னும் ஆய்வாளர் ஒரு சிறு குறிப்பில் மூன்றைப் பிரித்துக் காட்டினார். எதைத் தேடுகிறோம் என்பது பெயர். அது எங்கே இருக்கிறது என்பது முகவரி. அங்கே எப்படிப் போவது என்பது வழி. மொழியியலில் குறிப்பான், குறிபொருள் என்று பிரிப்பதற்கு நிகரான தெளிவு அது. 1982இல் ஜெரோம் சால்ட்ஸர் இன்னும் ஒரு படி போய், கணினி வேறு, அது வலையோடு ஒட்டும் புள்ளி வேறு என்று வாதிட்டார். ஒட்டும் புள்ளிக்குத் தரும் பெயரைக் கணினியின் பெயராகக் கொண்டால், புள்ளி மாறும்போது கணினியே காணாமற்போனதாகத் தோன்றும் என்பது அவ்வாதத்தின் சாரம்.

ஆனால் 1981 செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு, முகவரியை ஒட்டும் புள்ளிக்கே கொடுத்தது. 32 இருமங்கள், மொத்தம் 4,29,49,67,296 முகவரிகள். 1983 சனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் இந்நெறிமுறைக்கு மாறியது. அவ்வாண்டே கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 4.2பிஎஸ்டி என்னும் யுனிக்ஸ் பதிப்பை வெளியிட்டது. அதில்தான் 'ஐஎஃப்கான்ஃபிக்' என்னும் கட்டளை முதன்முதலாகத் தோன்றியது. பெயரே பொருள் சொல்லும்: இடைமுகத்தை அமை. ஒரு முகத்துக்கு ஒரு வரியை எழுதும் அந்தச் செயலைச் செய்யாமல் அதன்பின் எந்த யுனிக்ஸ் கணினியும் வலையில் பேசியதில்லை.

இதற்கு மாற்றான வழி ஒன்றும் அப்போதே முன்வைக்கப்பட்டது. அதில் இந்தியர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற யோகன் தலால், ஸ்டான்ஃபோர்டில் வின்ட் செர்ஃப், கார்ல் சன்ஷைன் ஆகியோரோடு 1974 டிசம்பரில் டிசிபி நெறிமுறையின் முதல் விவரக்குறிப்பை எழுதியவர். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் ஈத்தர்நெட் உருவாக்கத்தில் பணியாற்றினார். 1981இல் அவரும் ராபர்ட் பிரின்டிஸும் வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு கணினிக்கும் 48 இரும நீளமுள்ள தனி எண் ஒன்றைப் பிறப்பிலேயே வழங்க வேண்டும் என்றது. எந்த வலைக்குப் போனாலும், எந்தத் துளையில் செருகினாலும் மாறாத எண். ஏறத்தாழ 2.8 கோடி கோடி எண்கள் உள்ள அந்த வெளியில் எவர்க்கும் பஞ்சம் வராது. எண்ணின் முற்பாதி உற்பத்தியாளரைக் குறிக்கும். பிற்பாதியை அவர் தம் விருப்பப்படி வரிசையாக வழங்கலாம்.

அவர்கள் எண்ணியது ஆளுக்குப் பெயர் வைப்பதை. நடந்தது வேறு. கணினி ஒருவரிடமும் வலையட்டை இன்னொருவரிடமும் வாங்கப்படும் சந்தையில், அந்த எண் அட்டையிலேயே பொறிக்கப்பட்டது. ஆளுக்கென்று செய்த பெயரும் முகத்துக்கே போய்ச் சேர்ந்தது. இன்று நாம் மேக் முகவரி என்று அழைப்பது அதுதான்.

4

ஆக, ஒரு வலையட்டைக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. தொழிற்சாலையில் பொறித்த 48 இரும எண். வலையில் வழங்கும் இணைய முகவரி. இவ்விரண்டுக்கும் இடையே, இயங்குதளம் தன் வசதிக்காக வைக்கும் உள்வீட்டுப் பெயர். நான் கட்டளை வரியில் தட்டச்சு செய்வது இந்த மூன்றாவதைத்தான். அதன் வரலாறே எனக்கு மிகவும் சுவையாக இருந்தது.

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். அந்தப் பிரிவை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பெர்க்லி மரபில் அட்டையை இயக்கும் மென்பொருளின் பெயரே முதற்பகுதி. அதன்பின் 0, 1 என்று வரிசை எண். இன்றும் ஃப்ரீபிஎஸ்டியில் அப்படித்தான். இது குலப்பெயரோடு பிறப்பு வரிசையைச் சேர்ப்பது. லினக்ஸ் குலத்தை விட்டுவிட்டது. எவர் செய்த அட்டையானாலும் ஈத்தர்நெட் வகையைச் சேர்ந்தது என்றால் 'ஈத்' என்று அழைத்து, கண்ட வரிசையில் எண்ணிட்டது. முதலில் கண்டது ஈத்0, அடுத்தது ஈத்1. மூத்தவன், இளையவன் என்று அழைப்பது போன்ற எளிமை.

எளிமைக்குள் ஒரு பொறி இருந்தது. கணினி விழித்தெழும்போது அட்டைகளை எந்த வரிசையில் காணும் என்பதற்கு உறுதி இல்லை. நேற்றைய மூத்தவன் இன்று இளையவன் ஆகலாம். வெளியுலகை நோக்கும் அட்டைக்கும் உள்வலையை நோக்கும் அட்டைக்கும் வெவ்வேறு காவல் விதிகள் எழுதியிருந்தால், பெயர் இடம்மாறிய அன்று வெளியாருக்கு உள்வாசல் திறந்துவிடும். அதனால் ஒரு காலம், அட்டையின் 48 இரும எண்ணைக் கண்டு 'இந்த எண் உடையதுதான் ஈத்0' என்று கோப்பில் பதிந்து வைத்தனர். அது வேறொரு தொல்லையைத் தந்தது. பழுதான தாய்ப்பலகையை மாற்றினால், புதிய அட்டைக்கு ஈத்1 என்னும் பெயர் வந்தது. இறந்த அட்டைக்காக ஈத்0 என்னும் பெயர் காத்துக்கிடந்தது.

2013 சனவரியில் வெளியான சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு மூன்றாவது வழியை எடுத்தது. அட்டை அமர்ந்திருக்கும் இடமே அதன் பெயர். 'ஈஎன்' என்றால் ஈத்தர்நெட்; 'பி3' என்றால் மூன்றாம் தடம்; 'எஸ்0' என்றால் அத்தடத்தின் முதல் செருகிடம். தாய்ப்பலகையோடு பிறந்த அட்டை என்றால் ஈஎன்ஓ1. முழுக் காரணப்பெயர். அதற்கு 'முன்னறியத்தக்க பெயர்கள்' என்றே பெயரிட்டனர். 2014இல் ரெட் ஹேட் 7, 2017இல் டெபியன் 9 என்று ஒவ்வொன்றாக இம்முறைக்கு மாறின.

இடத்தால் பெயர் பெறுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. மார்த்தாண்டவர்மர் ஒடுக்கிய எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. அவர்களை வரலாறு இயற்பெயரால் நினைவில் வைக்கவில்லை. வீடும் ஊருமே அவர்களுடைய பெயர். அவ்வீடுகளை இடித்துக் குளம் தோண்டினர் என்பது மரபுவழிச் செய்தி. இருக்கையை அழித்தால் பெயரையும் அழிக்கலாம் என்று எண்ணியிருப்பார்கள் போலும்.

இருக்கையின் எண் மாறினால் பெயர் என்ன ஆகும் என்பதையும் நாம் அறிவோம். சென்னைத் தெருக்களில் 'புதிய எண்', 'பழைய எண்' என்று இரண்டையும் எழுதாமல் கடிதம் போய்ச் சேராத காலம் ஒன்று உண்டு. கழக்கூட்டம் 2010இல் ஊராட்சியாக இருந்து திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்தது. என் வாடகை வீட்டின் நிலைப்படியில் இரண்டு எண் தகடுகள் இன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. தெருவின் நடுவே ஒரு புது வீடு எழும்பினால் அதற்கு அப்பாலுள்ள கதவு எண்கள் ஒவ்வொன்று கூடும். எங்கள் வழங்கியிலும் அதுவே நடந்தது. புதிய சேமிப்பு அட்டை ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டது. வலையட்டை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் தட எண் மூன்றிலிருந்து நான்காயிற்று. முன்னறியத்தக்க பெயர் முன்னறிவிப்பின்றி மாறியது.

குலத்தால் பெயரிட்டனர், வரிசையால் பெயரிட்டனர், உடற்குறியால் பெயரிட்டனர், இருக்கையால் பெயரிட்டனர். ஒவ்வொன்றும் முந்தையதன் குறையை நீக்கி, தனக்கே உரிய குறையொன்றைக் கொண்டுவந்தது.

5

கட்டளையின் தொடரமைப்பும் இக்காலத்தில் மாறியது. பழைய வடிவம் இப்படி இருக்கும்:

ஐஎஃப்கான்ஃபிக் ஈத்0 192.168.1.10 நெட்மாஸ்க் 255.255.255.0 அப்

முதலில் முகம், அடுத்து முகவரி. எது எதைக் குறிக்கிறது என்பதை இடமே தீர்மானிக்கிறது. இடம் மாறினால் பொருள் கெடும். 1990களின் இறுதியில் ரஷ்யரான அலெக்ஸி குஸ்னெத்சோவ் லினக்ஸின் வலைப்பகுதியைத் திருத்தி அமைத்து, அதனோடு 'ஐபி' என்னும் புதிய கட்டளையைத் தந்தார்:

ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.10/24 டெவ் ஈத்0

முகவரி என்னும் பொருட்பெயர், சேர் என்னும் வினை, சேர்க்கப்படும் முகவரி, பின் 'டெவ்' என்னும் குறி. அந்தக் குறி, அடுத்து வரும் சொல் எந்த இடத்தில் என்பதைச் சொல்கிறது என்று காட்டுகிறது. நம் ஏழாம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டும். இது முன் நிற்கிறது. வேலை ஒன்றுதான். வினையும் மாறியதைக் கவனியுங்கள். பழைய கட்டளை முகத்தின் முகவரியை 'அமைத்தது'. ஒன்றை அமைத்தால் முன்னது போய்விடும். புதியது 'சேர்க்கிறது'. ஒரு முகத்துக்குப் பல முகவரிகள் இருக்கலாம் என்பதை அது இயல்பாக ஏற்றுக்கொண்டது. இப்படிச் சேர்த்த கூடுதல் முகவரிகளுக்குத் தனிப் பெயர்ச்சீட்டு தராவிட்டால், பழைய ஐஎஃப்கான்ஃபிக் அவற்றைக் காட்டாது. முகவரி இருக்கும், அதில் போக்குவரத்தும் நடக்கும், பழைய இலக்கணத்தின் கண்ணுக்குத் தெரியாது. வழக்கில் வந்துவிட்ட வடிவங்களை ஏற்காத இலக்கண நூல் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு. கட்டளை வரியில் தரும் முகவரி, கணினி அணைந்ததும் மறைந்துபோகும். அது வாய்மொழி. நிலைக்க வேண்டுமானால் கோப்பில் எழுத வேண்டும். டெபியன் மரபில் அதற்கொரு கோப்பு. 2017இலிருந்து உபுண்டுவில் நெட்பிளான் என்னும் முறைக்கு வேறு கோப்பு. வாய்மொழி உடனே பலிக்கும். எழுத்து அடுத்த விழிப்பில்தான் சோதிக்கப்படும். பல மாதங்கள் ஓடிய வழங்கி ஒருநாள் மின்தடைக்குப் பின் வாய்திறவாமல் போவதற்கு, யாரோ எப்போதோ வாயால் சொன்னதை எழுதாமல் விட்டதே பல வேளைகளில் காரணம்.

தொலைவிலிருந்து முகவரியை மாற்றுவது இருக்கும் கிளையையே வெட்டுவது போன்றது. எந்த வாசல் வழியாகப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அந்த வாசலையே பெயர்த்து வைக்கிறோம். பிழைத்தால் திருத்தச் சொல்லவும் வழி இருக்காது. இதற்காகவே நெட்பிளானில் 'டிரை' என்னும் கட்டளை உண்டு. புதிய அமைப்பை ஏற்றிப் பார்த்து, 120 நொடிகளுக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். இதை நான் நான்காம் நாளுக்குப் பின்னரே கற்றேன்.

6

இதுவரை சொன்னது ஒரு கணினிக்குள் நிகழும் பெயரிடல். முகவரியை எவர் தருகிறார் என்பது வேறு வரலாறு. அதில் நம் நாட்டின் பங்கைச் சொல்லியாக வேண்டும்.

1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்னும் கல்வி ஆய்வு வலையைத் தொடங்கியது. மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதன் இயக்குநர் ஸ்ரீநிவாசன் ரமணியும் அதில் முன்னின்றனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஆகியவை தொடக்க உறுப்பினர்கள். அவ்வலைக்குக் கிடைத்த முகவரித் தொகுதி 144.16 என்று தொடங்குவது. மொத்தம் 65,536 முகவரிகள். ஒரு துணைக்கண்டத்தின் தலைசிறந்த ஆய்வு நிறுவனங்கள் சில இந்தத் தொகுதியைப் பகிர்ந்துகொண்டன. அதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்னும் ஒற்றை நிறுவனத்திடம் 18 என்று தொடங்கும் தொகுதி முழுவதும் இருந்தது. அது 1,67,77,216 முகவரிகள். தொடக்கத்தில் கேட்டவர்க்குக் கேட்ட அளவு கொடுத்தனர். நாம் கேட்கும் நிலைக்கு வரும்போது அளந்து கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

1995 ஆகஸ்டு 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. மூன்று மாதம் கழித்து நவம்பரில், கழக்கூட்டத்தின் வைத்தியன் குன்றில் எழுந்த டெக்னோபார்க்கை அன்றைய பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் இருவகைக் கணக்குகள் விற்கப்பட்டன. விலை குறைந்தது ஷெல் கணக்கு. மாணவர்களுக்கு எட்டியது அதுவே. விலை கூடியது டிசிபி/ஐபி கணக்கு. ஷெல் கணக்கில் நாம் சேவை நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்து அங்கிருந்து எழுத்துவடிவில் உலகைப் பார்க்கலாம். நம் வீட்டுக் கணினிக்கு முகவரி கிடையாது. மற்றதில் நம் கணினிக்கே முகவரி உண்டு. அன்று விலை வேறுபாட்டின் பொருள் இதுதான்: ஒருவர் முகவரியுள்ளவர், மற்றவர் அண்டை வீட்டு முகவரியில் கடிதம் பெறுபவர்.

எளியோர் அதற்கும் ஒரு வழி கண்டனர். 1995இல் வெளியான ஸ்லர்ப் என்னும் சிறு நிரல், ஷெல் கணக்கின் மறுமுனையில் ஓடிக்கொண்டு, வீட்டுக் கணினிக்கு முகவரி இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கித் தரும். இந்தியாவிலும் ஷெல் கணக்கு வைத்திருந்தோர் அதைப் பயன்படுத்தினர். அது வழக்கமாகத் தரும் பொய் முகவரி 10.0.2.15. இன்று வகுப்பறையில் விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸை நிறுவி முகவரியைப் பார்க்கும் மாணவருக்குத் தெரியும் எண்ணும் பெரும்பாலும் 10.0.2.15தான். அது ஸ்லர்ப்பின் எச்சம். சொல் வழக்கிழந்த பின்னும் உருபு நிலைத்திருப்பதுபோல அந்த எண் நிலைத்திருக்கிறது.

முகவரிப் பஞ்சம் விரைவில் எல்லாரையும் ஸ்லர்ப் காலத்துக்கு அழைத்துச் சென்றது. 1994இல் முகவரி மாற்றித்தரும் முறை முன்மொழியப்பட்டது. 1996 பிப்ரவரியில் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் தொகுதிகள், எவரும் தம் வீட்டுக்குள் வழங்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டன. 192.168.1.1 உங்கள் வீட்டிலும் உண்டு, என் அறையிலும் உண்டு. அது இயற்பெயரன்று, சுட்டுப்பெயர். 'இவன்' என்பது சொல்லுமிடத்தைப் பொறுத்துப் பொருள்படுவது போன்றது. 127.0.0.1 இன்னும் ஒரு படி உள்ளே போய், ஒவ்வொரு கணினியும் தன்னையே அழைக்கும் 'நான்' ஆகிறது. சுட்டுப்பெயரால் வீட்டுக்குள் வாழ்க்கை நடத்தலாம். வெளியூரார் கடிதம் எழுத அது உதவாது.

2011 பிப்ரவரி 3இல் உலக இருப்பின் கடைசித் தொகுதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஏப்ரல் 15இல் ஆசிய-பசிபிக் பதிவகம் பங்கீட்டு முறைக்கு வந்தது. உறுப்பினர் ஒருவருக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். அதன்பிறகு பெருந்திரளாக இணையத்துக்கு வந்த இந்தியர்களுக்கு நான்காம் பதிப்பில் சொந்த முகவரி கிடைக்க வாய்ப்பே இல்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரே முகவரியின் பின்னால் நின்று பேசுகின்றனர். நாம் எவரையும் அழைக்கலாம். நம்மை எவரும் நேரடியாக அழைக்க முடியாது. கேட்போராகவும் பார்ப்போராகவும் இருக்க இது போதும். தன் வீட்டிலோ துறையிலோ ஒரு கணினியை வைத்து, தன் மொழியின் பதிவுகளை உலகுக்குத் தர எண்ணுபவருக்கு இது அடைத்த கதவு. அவர் வேறெங்கோ ஒரு பெருநிறுவனத்தின் கணினியில் மாத வாடகைக்கு இடம் பிடித்தாக வேண்டும். வாடகை நின்ற மாதம் பதிவும் நிற்கும்.

128 இரும நீளமுள்ள ஆறாம் பதிப்பு இதற்கான மருந்து. 1995இலேயே வரையறுக்கப்பட்டும் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது ஆறாம் பதிப்போடே வந்தது. பழைய முகவரிகளைச் சேர்த்து வைத்திராதவருக்கு வேறு வழியில்லை. சில ஆண்டுகளில் இந்தியா அப்பதிப்பின் பயன்பாட்டில் உலகின் முன்வரிசைக்கு வந்தது. இன்று நம் பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதன்வழிச் செல்கின்றனர். பஞ்சத்தில் அடிபட்டவர் புதுநிலத்துக்கு முதலில் குடிபெயர்ந்த கதை இது. பெரும்பாலோர்க்குத் தம் கையில் அப்படியொரு முகவரி இருப்பதே தெரியாது.

7

கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில், 1963இல் வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையை நிறுவினார். பின்னாளில் மேனங்குளத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியையும், 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக அமர்ந்து அதன் அடித்தளத்தையும் அமைத்தார். கிளைமொழிக் கள ஆய்வை இப்பகுதியில் ஒழுங்குபட நடத்திக் காட்டியவர் அவர். கள ஆய்வில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்படுவது, ஒவ்வொரு பதிவிலும் பேசியவர், ஊர், நாள் ஆகியவற்றை எழுது என்பதே. ஊரற்ற சொல் சான்றாகாது. நான் அந்த ஒழுக்கத்தைப் பேசியவர்களுக்குக் கடைப்பிடித்தேன். பதிவுகள் குடியிருந்த கணினிக்குக் கடைப்பிடிக்கவில்லை. அதன் முகத்துக்கு என்ன பெயர், அப்பெயர் எதனால் வந்தது, முகவரியைத் தந்தவர் எவர், எப்போதுவரை தந்தார் என்று எங்கள் குறிப்பேட்டில் ஒரு வரியும் இல்லை.

நான்காம் நாள் செய்த திருத்தம் மிகச் சிறியது. முதலில் 'ஐபி லிங்க்' என்று தட்டி, முகத்தின் புதுப்பெயரைக் கண்டேன். வாய்மொழியாக அதற்கு முகவரியைச் சேர்த்தேன்; குரல்கள் மீண்டும் எட்டின. பிறகு நெட்பிளான் கோப்பைத் திருத்தினேன். இருக்கைப் பெயரை நம்பாமல், அட்டையில் பொறித்த 48 இரும எண்ணைக் கண்டு அதற்கே முகவரி தருமாறு எழுதினேன். தலாலும் பிரின்டிஸும் விரும்பிய வழிக்கு ஒரு பாதி திரும்பினேன் எனலாம். இதற்கும் குறை உண்டு; அட்டை பழுதானால் இதே நிலை வரும். எனவே நான்கு அடையாளங்களையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டியிருக்கிறேன். ஆவணக் காப்பகத்தின் விவரப்பட்டியலிலும் அவை இப்போது ஓர் உருப்படி.

மொழி ஆவணங்களைத் தொகுக்கும் துறைகளுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. உங்கள் வழங்கியின் முகத்தையும் முகவரியையும் தொழில்நுட்பப் பணியாளரின் நினைவில் மட்டும் விடாமல் பதிவில் எழுதுங்கள். உங்கள் நிறுவனத்திடம் ஆறாம் பதிப்பு முகவரி கேளுங்கள். அது இருந்தால் சிறு துறையும் தன் வாசலில் தானே நின்று பேசலாம்.

மூதாட்டியின் மகளை அன்று மாலையே அழைத்துச் சொன்னேன். பதினாறாம் நாள் சடங்கில் உறவினர் கூடியிருக்க அந்தப் பதிவை ஒலிக்க விட்டதாகப் பின்னர் தெரிவித்தார். அதில் ஓரிடத்தில் அவர் அம்மை, கடலுக்குப் போன அண்ணனின் வள்ளத்தைக் கரையில் நின்று எப்படி அடையாளம் கண்டார் என்று சொல்கிறார். வள்ளத்தின் பெயர் எழுத்தில் இருந்ததாம். அவருக்கு எழுத்து தெரியாது. பாயில் இருந்த ஒட்டைக் கொண்டே கண்டாராம்.

கணினித் துறை நண்பர்கள் இதில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.